கறுப்புக் கட்டை

கூடத்தில் அவன். சோபாவில் கால்மேல் கால் போட்டு மனைவியின் அண்ணன் தயாளன். மீன் தொட்டியின் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு மகள் ஆதிரை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தட்டுப்போல இரண்டு டிஸ்கஸ் மீன்கள், பொரித்துச் சில நாளே ஆன அவற்றின் குஞ்சுகள்.

அடுப்படியில், திரைக்குப் பின்னால், அவள்.

அவன் குழாய் போட்டுத் தொட்டித் தண்ணீரை வாளிக்குள் இறக்கிக்கொண்டிருந்தான். மெதுவாகத்தான். குழாயைக் கிள்ளிப் பிடித்தால் இன்னும் மெதுவாக இறங்கும்.

ஞாயிற்றுக்கிழமை வரலாம். தண்ணீர் மாற்றலாம். போய்விட வேண்டும். பிரிந்தபோது அவள் சொன்ன ஏற்பாடு அது. நாலடித் தொட்டி அவனுடைய வாடகை அறையின் குறுகல் படியில் ஏறவில்லை. அந்தப் படியின் புண்ணியத்தில் மகளைப் பார்க்கிறான்.

மீன் இருக்கும்வரை கதவு திறக்கும். அது அவனுக்குத் தெரியும். தயாளனுக்கும் தெரியும்.

"அப்பா, இங்க பாரேன்! குட்டியெல்லாம் அம்மாவ ஒட்டிக்கிட்டுச் சாப்பிடுது."

டிஸ்கஸ் குஞ்சு முதலில் வெளித்தீனி எதையும் தொடாது. பெற்ற மீன்களின் தோலில் ஊறும் பசைதான் அதற்குச் சாப்பாடு. குஞ்சு பொரித்ததும் பெரிய மீன்கள் உடம்பு கறுத்துவிடும். கறுப்பாக எது தெரிகிறதோ அதை நோக்கி நீந்த வேண்டும். குஞ்சுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அவன் குனிந்து பார்த்தான்.

பெரிய மீன்களின் மேல் ஒன்றுகூட இல்லை.

எல்லாம் கட்டையில் இருந்தன.

செடி வேர் பிடிக்கட்டும், பார்க்க அழகாக இருக்கட்டும் என்று அவனே தொட்டிக்குள் இறக்கி வைத்த கறுப்பு மரக்கட்டை. குஞ்சுகள் அதில் அப்பிக்கொண்டு கொறித்துக்கொண்டிருந்தன. தாய்மீன் பக்கத்தில் வந்து உடம்பைச் சாய்த்துக் காட்டியது. ஆதிரையின் கண்ணுக்கு அதுதான் ஒட்டிக்கொண்டிருப்பதாகத் தெரிந்திருக்க வேண்டும்.

எதுவும் திரும்பவில்லை.

குஞ்சு எடுக்க நினைப்பவன் செடி வைக்க மாட்டான். கட்டை வைக்க மாட்டான். வெறும் கண்ணாடித் தொட்டி. அதில் கறுப்பு என்றால் பெற்றவர்கள் மட்டும். அவனுக்கு இது தெரியாதது அல்ல. முட்டையைப் பார்த்தபோதே எல்லாவற்றையும் பிடுங்கியிருக்கலாம். ஆனால் செடி இருந்தால் நறுக்க வேண்டும், பாசி வழிக்க வேண்டும். வேலை இருந்தால் இந்தக் கூடத்தில் இன்னும் கொஞ்ச நேரம் நிற்கலாம்.

இப்போது கட்டையை உருவினால் மண் கலங்கும். மிரண்டால் பெரிய மீன்களே குஞ்சுகளைத் தின்றுவிடும். மிச்சம் இருந்தது ஒரே வழி. மீன்களையும் குஞ்சுகளையும் மொண்டு அவன் அறைக்குக் கொண்டுபோய், சின்னதாக ஒரு வெறும் தொட்டியில் விட வேண்டும்.

அங்கே பிழைக்கும்.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமை எதற்கு இங்கே வருவது?

இங்கேயே விட்டால் பட்டினியில் ஒவ்வொன்றாக அடங்கிவிடும். ஆனால் அதுவரை தினமும் வரலாம்.

"குஞ்சு இருக்கிறப்ப தினமும் தண்ணி மாத்தணும்," என்றான், அடுப்படித் திரையைப் பார்த்து.

தயாளன் சிரித்தான். "ஊருல எல்லாம் புள்ள பொறந்தா மாமன் வருவான். இங்க மீனு குட்டி போட்டா மாப்ள வராரு. அதுவும் டெய்லி! ஆபீசுக்கு இப்படிப் போயிருந்தா எங்கயோ போயிருப்பீங்க மாப்ள."

அவன் குழாயை இன்னும் இறுக்கிக் கிள்ளினான். இரவு ஷிப்ட் வேலை பறிபோனதற்காக அவள் பிரியவில்லை. பறிபோனதைச் சொல்லாமல், அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஒரு மழைக்காலம் முழுக்க இரவு இரவாகக் கிளம்பிப் போய், பேருந்து நிலையத்தில் உட்கார்ந்துவிட்டு விடிந்ததும் களைத்த முகத்தோடு திரும்பியதற்காக.

திரை விலகியது.

"பாத்தீங்களா? குஞ்சுங்க நல்லா இருக்கா?"

சேர்ந்து இருந்தவரை வாடா போடாதான். பிரிந்த பிறகுதான் இந்த மரியாதை. அவள் தொட்டியைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்துக் கேட்டாள்.

ஆதிரை அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நல்லா இருக்கு," என்றான். "அம்மா மேலதான் இருக்கு. நல்லாத் திங்குது."

"நான்தான் சொன்னேன்ல!" ஆதிரை குதித்தாள்.

அவள் திரைக்குப் பின்னால் போனாள்.

பிடித்து வைத்திருந்த தண்ணீரைச் சூடு பார்த்து ஊற்றினான். கையைத் துடைத்தான். குழாயைச் சுருட்டினான். நாளைக்கு வரலாம். நாளன்றைக்கும் வரலாம். ஆதிரை பள்ளியிலிருந்து வரும் நேரமாகப் பார்த்து வரலாம். செத்து மிதப்பதை வீட்டில் யாரும் பார்ப்பதற்குள் அள்ளிவிட்டால் இன்னும் ஒரு நாள் கிடைக்கும். அவனுக்கு அந்தக் கணக்கு அசிங்கமாகக்கூடப் படவில்லை.

வழக்கமாகத் தயாளன்தான் வாசல்வரை வருவான். இன்று அவள் வந்தாள். அவன் சிரிக்கப் பார்த்தான்.

"கட்டையில ஒட்டிட்டிருக்கு," என்றாள். ஆதிரைக்குக் கேட்காத குரல். "காலையில மீன் கடைக்காரருக்கு வீடியோ அனுப்பினேன். வெறும் தொட்டிக்கு மாத்தலைன்னா எல்லாம் செத்துடும்னார். சாயங்காலம் அவரே வந்து பெரிய மீனோட சேத்து எடுத்துட்டுப் போறார்."

அவனுக்கு ஒரு கால்தான் செருப்பில் இருந்தது.

"அப்பவே வரேன்னார். நான்தான் வேணாம்னேன். நீங்க வந்து உண்மையச் சொன்னா, உங்க ரூமுக்கே கொண்டுபோகச் சொல்லலாம்னு இருந்தேன்."

அவள் கூடத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"லீவு நாள்ல இவளையும் அங்க அனுப்பி வைக்கலாம்னு."

அவன் வாயைத் திறந்தான்.

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே ஆதிரை என்னவோ கேட்டாள். அவள் சொன்ன பதில் அவனுக்குக் கேட்கவில்லை. பூட்டில் சாவி திரும்பியது.