மற்றக் காது

"என் மகளை அதே வகுப்பில் திரும்பவும் இருத்தச் சொன்னது யார்?" என்று றோஸ் டெனிஷில் கத்தினாள். கோபன்ஹேகன் புறநகர்ப் பள்ளியொன்றின் அதிபர் அறையில், நிறோஷினி தாயின் தோளில் முகம் புதைத்து விம்மிக்கொண்டிருந்தாள். சிநேகிதிகள் எல்லோரும் மேல் வகுப்புக்குப் போகிறார்கள்.

அதிபர் பெருமூச்சு விட்டாள். "நகரசபை காசை வெட்டிவிட்டது. அவளுக்கு இருந்த உதவி ஆசிரியர் இனி இல்லை. மேல் வகுப்பா, 'ஓமா' என்று போன கிழமை உங்கள் கணவரிடம்தான் போனில் கேட்டேன். 'ஓம், ஓம்' என்றார்."

டெனிஷில் 'ஓம்' என்றால் திரும்பவும் அதே வகுப்பு; அவர்கள் தமிழிலோ 'ஆமாம்'.

றோஸ் கணவன் பக்கம் திரும்பினாள். "விசரே உங்களுக்கு? வெள்ளைக்காரியிட்டத் தமிழில ஓம் போட்டனீங்களோ?"

இலங்கையில், வன்னியில் சண்டை முடிந்ததாகச் செய்தி வந்த நாளிலிருந்து கிறிஸ்துநாயகம் வாய் திறப்பதே இல்லை.

"சொல்லுங்கோவன்! பிள்ளையின்ர படிப்பு விளையாட்டே?"

"அவவுக்குச் சொல்லேல்லை," என்றார். "மற்றக் காதில மற்றப் போன். தங்கச்சி முள்ளிவாய்க்காலில இருந்து எடுத்தவள்."

றோஸின் குரல் அடங்கியது. "என்ன சொன்னவள்?"

"'அண்ணை, நான் கதைக்கிறது கேக்குதோ' எண்டு திரும்பத் திரும்பக் கேட்டவள். நானும் ஓம், ஓம் எண்டு கத்தினனான். பிறகு ஒரு சத்தம். அதுக்குப் பிறகும் கனநேரம் ஓம் எண்டுகொண்டுதான் இருந்தனான்."

அதிபருக்குத் தமிழ் விளங்கவில்லை. "அப்படியென்றால் பிழை நடந்துவிட்டதா? மேல் வகுப்புக்கு மாற்றட்டுமா?"

றோஸ் ஆமென்பதுபோலத் தலையை மட்டும் ஆட்டினாள். அந்த ஒரு சொல்லை அவளால் எந்த மொழியிலும் சொல்ல முடியவில்லை.