இரண்டும் நலம்

சோதனைக்கு வந்திருக்கும் அதிகாரி, யார் எதைச் சொன்னாலும் நேர்மாறாகச் செய்கிறவர் என்பது டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் இன்ஜினியருக்கு நன்றாகத் தெரியும்.

"ஊர் போனெல்லாம் ஓடற இந்த மெஷினுக்கு ரெண்டு கார்டு சார். ஒண்ணு போனாலும் இன்னொண்ணு வேலையை எடுத்துக்கும். வேணும்னா இடது கார்டை உருவிப் பாருங்க."

அதிகாரி வீட்டுக்கு போன் போட்டார். மனைவி பேசப் பேச, ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு, இன்ஜினியரை ஒரு மாதிரி பார்த்துவிட்டு வலது கார்டை உருவினார்.

மனைவியின் பேச்சு நிற்கவில்லை.

"பரவாயில்லையே. பக்கத்து எக்ஸ்சேஞ்சுல ஒரு கார்டு போயிடுச்சு. உங்களுக்குத்தான் ரெண்டும் நல்லா இருக்கே, ஒண்ணை நான் கொண்டுபோறேன்" என்றார் அதிகாரி.

இன்ஜினியருக்கு வாயெல்லாம் பல். "தாராளமா சார். கையில இருக்கறதையே கொண்டுபோங்க."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அதிகாரியின் கண் சுருங்கியது. கையிலிருந்த கார்டை இருந்த இடத்திலேயே செருகினார். இடது கார்டை உருவினார்.

மனைவி பாதி வார்த்தையில் நின்றாள். ஊர் மொத்தமும் ஊமையானது.

"என்னய்யா, இன்னொண்ணு எடுத்துக்கும்னு சொன்னீங்க?"

'இரண்டும் நலம்' என்று மாதாமாதம் கையெழுத்துப் போட்டு அனுப்பியவர் இன்ஜினியர்தான். வலது கார்டு செத்து மூன்று மாதமாகிறது.