இடது மணிக்கட்டு

வந்திருந்தவர்கள்: தாசில்தார், இரண்டு இன்ஜினியர்கள், சாவிக்கொத்தோடு வாட்ச்மேன், காலனி சனம், பூரணி, வச்சலா. மூடிக் கிடந்த ரசாயன ஆலையைச் சுத்தம் செய்யப் போகிறார்கள். பட்ட இடம் வெந்துபோகும் அந்த மஞ்சள் தூளை எங்கெங்கே புதைத்தார்கள் என்று காட்ட, ஊர் சார்பில் ஒருத்தி உள்ளே போக வேண்டும். பூரணியும் வச்சலாவும் அங்கே ஒன்றாக வேலை பார்த்தவர்கள்தான். ஆனால் கூட்டத்தில் எல்லோரும் பூரணிக்கே கை தூக்கினார்கள். வச்சலாவின் புருஷனும் தூக்கினான். "உனக்கு நாலு பேர் முன்னால வாயே வராது, அவதான் சரி" என்றான்.

பூரணிக்கு வெள்ளை உடுப்பை மாட்டிவிட்டார்கள். கையுறை முடியும் இடத்தில் இடைவெளி இல்லாமல் டேப் ஒட்ட வேண்டும். "நீயே ஒட்டுடி. வேற யாரையும் நம்ப மாட்டேன்" என்று வச்சலாவிடம் கைகளை நீட்டினாள். வச்சலா வலது மணிக்கட்டில் மூன்று சுற்று இறுக்கி ஒட்டினாள். இடது மணிக்கட்டில் அடிப்பக்கம் ஒரு விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டாள்.

"எப்படிடி இருக்கேன்?"

"ஐஸ் பெட்டிக்குக் கால் முளைச்ச மாதிரி."

எல்லோரையும்விடப் பூரணிதான் அதிகம் சிரித்தாள். வாசலில் நின்று திரும்பி, இடது கையைத் தூக்கி ஆட்டினாள். வச்சலாவின் புருஷன் கை தட்டினான். வச்சலாவுக்கு வாய் வரவில்லை. பூரணி இன்ஜினியர்களோடு உள்ளே போனதும் வாட்ச்மேன் இரும்புக் கதவைச் சாத்திப் பூட்டினான்.