நான்கு படங்களில் ஒரு முகம்

“உங்க வீட்டுக்காரர் இந்தப் படங்கள்ல எதையெல்லாம் தொட்டார்? அதை மட்டும் சொன்னாப் போதும்மா.”

சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த மோகன் கெஞ்சாத குறையாகக் கேட்டார். பழைய ஓவியங்களை வரைந்தவர் யார் என்று கண்டுபிடிப்பது அவர் தொழில். லான்மடாவில், படங்களின் சொந்தக்காரரான பர்மிய வியாபாரியின் வீட்டுக் கூடத்தில், நான்கு ஓவியங்கள் வெயில் படாமல் துணி போர்த்திச் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன.

“எனக்கென்ன தெரியும் தம்பி?” என்றாள் சத்யபாமா. “பூஞ்சை துடைக்கிறேன், சட்டம் மாத்துறேன்னு சொல்வாரு. அவரே போயிட்டாரு, இனி யாரைக் கேக்குறது?”

“பழைய படம்னா ஊ கருப்பையாகிட்டதான் குடுப்போம்னு இந்த வீட்டுக்காரங்க சொன்னாங்க. ‘ஊ’ன்னு மரியாதை சேத்துத்தான் அவர் பேரைச் சொல்றாங்க. இங்கேயே மாடியில உக்காந்து செஞ்சிருக்காரு. நீங்க பாத்திருப்பீங்களே?”

“ஒரு நாளும் பாத்ததில்ல. ‘வந்து பாரேன்’னு ரெண்டு மூணு தரம் கூப்பிட்டாரு. ‘பூஞ்சை பிடிச்ச துணியில எனக்கென்ன வேடிக்கை’ன்னு நான்தான் போகல.”

மோகன் பெருமூச்சு விட்டார்.

“நானூறு வருஷத்துக்கு முன்னாடி பெல்ஜியம் பக்கம் இருந்த ஃப்ளெமிஷ் ஓவியர் ஒருத்தர். பெருசா யாருக்கும் தெரியாது. நாலும் அவர் வரைஞ்சதுதான்னு நினைக்கிறேன். நாலுலயும் ஒரே பொண்ணு முகம். வார்னிஷ் பழசாகிக் கொஞ்சம் கறுத்திருக்கு. ஆனா எவ்வளவு பிரியமா வரைஞ்சிருக்காரு! அவர் பொண்டாட்டியாத்தான் இருக்கணும்.”

“கொடுத்து வச்சவ,” என்றாள் சத்யபாமா. “எங்க வீட்டுல, வேலை முடிஞ்சு வந்தா சுவத்தைப் பாத்துதான் சாப்பிடுவாரு. என்னை ஏறெடுத்துப் பாத்ததில்ல. நானும் கோவத்துல பேச்சையே குறைச்சுக்கிட்டேன்.”

“முகத்தை மட்டும் உங்க வீட்டுக்காரர் தொடலைன்னா, வரைஞ்சவர் பேரை நான் அடிச்சுச் சொல்லிடுவேம்மா.”

அவர் எழுந்து துணிகளை ஒவ்வொன்றாக விலக்கினார். மீன்காரி, பூ தொடுப்பவள், ஜன்னலோரம் நிற்பவள், குழந்தையைத் தூங்க வைப்பவள்.

சத்யபாமா ஒவ்வொரு படத்தின் முன்னும் நின்றாள். கடைசிப் படத்தின் முன்னிருந்து மோகன் பக்கம் திரும்பினாள்.

“முகத்தைத் தொட்டிருக்காரு, தம்பி.”

“நீங்க பாக்கவே இல்லைன்னீங்களே! எப்படிம்மா இவ்வளவு உறுதியாச் சொல்றீங்க?”

“நாலும் நான்தான். கல்யாணமாகி பசுந்தாங்குக்கு வந்த புதுசுல இப்படித்தான் இருந்தேன்.”