பதினோரு மணி நேரப் பயணம்

"அண்ணன் வந்து சேர ரெண்டு நாளாகும். காத்திருக்க வேண்டாம். சாயங்காலமே எடுத்துடலாம்" என்றான் சின்னவன்.

கூடத்தின் நடுவில் அப்பாவின் உடல். தலைமாட்டில் அம்மா.

"ரெண்டு நாளா? என்ன, நடந்தா வர்றான்?" என்றார் பெரியப்பா.

"தூரம் பெரியப்பா. ரெண்டு இடத்துல விமானம் மாறணும்."

அக்காவின் கணவர் டிராவல்ஸ் நடத்துபவர். விமான டிக்கெட் போடுவதுதான் அவருக்குத் தொழில். செல்போனை எடுத்துத் தேடினார்.

"எங்கேயும் மாற வேண்டாமே! எட்டாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். நேர் விமானம் இருக்கு, பதினோரு மணி நேரம். இன்னிக்கு ஏறினா நாளைக்கு இங்க இருப்பான். சீட்டும் இருக்கு. அவன் பாஸ்போர்ட் நம்பரைச் சொல்லு, இப்பவே போட்டுடறேன்."

"வேண்டாம் அத்தான்."

அழுதுகொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

அத்தான் பெரியவனின் எண்ணுக்கு அடித்துப் பார்த்தார். அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

"எங்க யார்கிட்டயும் அவன் பேசறதில்ல. ஏழெட்டு மாசமா உன்கிட்ட மட்டும்தான் பேசறான்" என்றாள் அக்கா. "எங்களைப் பத்தி அவன்கிட்ட என்னடா சொல்லி வச்சிருக்கே?"

"இதுல கேக்க என்ன இருக்கு? வீடு இருக்குல்ல, வீடு!" பெரியப்பா சுவரைப் பார்த்துச் சொன்னார். "ஒருத்தன் வந்து போய் இருந்தாத்தானே பங்கு கேப்பான்."

சின்னவன் குனிந்து அப்பாவின் காலடியில் கிடந்த மாலையைச் சரி செய்தான்.

அம்மா தலையைத் தூக்கினாள். "அப்பா முகத்தை அவன் ஒரு தடவை பாக்கட்டும்டா. ஒரு நாள்தானே? இல்ல, வரமாட்டேன்னு அவனே சொல்லிட்டானா? அதை மட்டும் சொல்லு."

அந்தக் கேள்விக்கு மட்டும் அவன் உடனே பதில் சொன்னான்.

"ஐயோ, இல்லம்மா. அண்ணனுக்கு நான் இன்னும் விஷயத்தைச் சொல்லவே இல்ல."

"நீயாடா?" என்றாள் அம்மா. அதற்குமேல் அவன் பக்கம் திரும்பவில்லை.

கொஞ்ச நேரத்தில் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. எண்ணைப் பார்த்தவன், எழுந்து பின்பக்கம் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

பதிவு செய்யப்பட்ட குரல் ஒன்று வேற்று மொழியில் சொன்னது: 'இது சிறையிலிருந்து வரும் அழைப்பு. பேச விரும்பினால் எண் ஒன்றை அழுத்தவும்.'

அழுத்தினான்.

"அண்ணே... அப்பா போயிட்டாருண்ணே. இன்னிக்குக் காலையில."

மறுமுனையில் அண்ணன் கேட்டான், "அம்மா... என்னைக் கேட்டாங்களா?"

"கேட்டாங்க. நான்தான் உனக்குச் சொல்லாம விட்டுட்டேன்னு நினைச்சுட்டு இருக்காங்க. அப்படியே நினைக்கட்டும்ண்ணே."