ஜெபச் சங்கிலியில் இரண்டாவது பெயர்

"ஜெபச் சங்கிலியில யாரோ பொய்யைக் கோத்துட்டாங்க," என்றார் சபை நிர்வாகியான டீக்கன் ஹோலிஸ், கையில் கோழி வறுவலோடு.

புதன்கிழமை மாலை, சபைக் கூடத்தில் சாப்பாடு. ஹோலிஸ் பாஸ்டர் பக்கம் திரும்பினார்.

"சொன்னது என்ன? 'நம்ம ராய்ஸை ஜெயில்ல போட்ட நாட்டுக்கு நம்ம அரசாங்கம் இலவசமா அனுப்புற பால்மாவை நிறுத்தணும். டால்டன் அப்படி ஓட்டுப் போட ஜெபியுங்க, ஜெபிச்சுட்டு அவர் ஆபீசுக்கு போன் போடுங்க.' இவ்வளவுதானே, பாஸ்டர்?"

"நான் வெர்லாகிட்ட சொன்னது அதுதான்," என்றார் பாஸ்டர் ட்ராவிஸ்.

"ஆனா ஜனங்களுக்குப் போய்ச் சேந்தது என்ன? 'நிறுத்தக் கூடாதுன்னு ஜெபியுங்க'! வீட்டுக்கு மூணு நாலு பேர்னு நூத்தம்பது போன் போயிருக்கு. டால்டன் 'என் ஊர் ஜனங்க கேட்டாங்க'ன்னு சொல்லி மாத்திப் போட்டுட்டார். ஒரே ஓட்டு வித்தியாசத்துல பால்மாக் கப்பல் கிளம்பிடுச்சு!"

டால்டன் அலபாமாவின் அந்த மாவட்டத்து எம்.பி. இதே சபையில் ஞானஸ்நானம் பெற்று வளர்ந்தவர். இந்த ஓட்டெடுப்பு நடந்த வெளியுறவுக் குழுவில் இருக்கிறார்.

ராய்ஸ் இந்தச் சபை வெளிநாட்டுக்கு அனுப்பிய மிஷனரி. நான்கு மாதமாகச் சிறையில். அவர் மனைவி மூலை மேசையில் குனிந்த தலையோடு உட்கார்ந்திருந்தாள்.

எல்லாரும் வெர்லாவைப் பார்த்தார்கள். சங்கிலி தொடங்குவது அவளிடம்தான். இருபத்திரண்டு வருடமாக நாற்பது பேர் கொண்ட பட்டியல் அவள் பைபிளுக்குள் இருக்கிறது. மற்றவர்களுக்குத் தனக்கு மேலே ஒருவர், கீழே ஒருவர், அவ்வளவுதான் தெரியும். கேட்டதை ஒரு சொல் மாறாமல் அடுத்தவருக்குப் போனில் சொல்ல வேண்டும். கடைசி ஆள் முதல் ஆளைக் கூப்பிட்டு ஒப்பிக்க வேண்டும்.

"நெல்டா, கடைசி நீதானே? சிஸ்டர் வெர்லாவுக்கு ஒப்பிச்சியா?" என்று கேட்டார் ஹோலிஸ்.

"ஒப்பிச்சேனே. போன வாரம் செவ்வாய்க்கிழமை சாயங்காலமே. 'நிறுத்தக் கூடாது'ன்னுதான் சொன்னேன். 'சரி நெல்டா'ன்னு வெச்சுட்டாங்க."

கூடத்தில் முணுமுணுப்பு.

"அப்போ செவ்வாய்க்கிழமையே உங்களுக்குத் தெரியும்! வியாழக்கிழமைதான் ஓட்டெடுப்பு. நடுவுல ஒரு முழு நாள் இருந்துச்சே, சிஸ்டர்?"

வெர்லா ஐஸ் டீயை ஒரு வாய் குடித்தாள்.

"பரவாயில்லை. நான் கீழேர்ந்து ஒவ்வொருத்தரா விசாரிச்சுக்கிட்டே வந்துட்டேன். மேல இன்னும் மூணு நாலு பேர்தான் இருக்கணும். நாளைக்குக் காலைல பிடிச்சிடுவேன்."

வெர்லா டம்ளரைக் கீழே வைத்தாள்.

"வேண்டாம் ஹோலிஸ். எதுக்கு உனக்கு போன் செலவு? மாத்தினது நான்தான்."

"நீங்களா!"

"நான்தான்."

"ஜெபத்துல பொய்யா, வெர்லா?" பாஸ்டரின் குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம். "ராய்ஸ் பொண்டாட்டி முகத்தைப் பாத்துமா?"

"தப்புதான், பாஸ்டர்."

"பட்டியலை ஹோலிஸ்கிட்ட கொடுத்துடு. இனிமே அவர் பாத்துக்கட்டும்."

பைபிளிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்துக் கொடுத்தாள்.

"என் மாமியாரும் இப்படித்தான். பாத்தா பசு," என்றாள் நெல்டா, பக்கத்தில் இருந்தவளிடம், எல்லாருக்கும் கேட்கும்படி.

வெர்லா கொண்டுவந்த பீச் பழப் புட்டிங்கை அன்று யாரும் தொடவில்லை. ராய்ஸின் மனைவி மட்டும் எழுந்து வந்து ஒரு கரண்டி போட்டுக்கொண்டு போனாள்.

சனிக்கிழமை மதியம் வெர்லாவின் வீட்டுப் பின்கதவு தட்டப்பட்டது. வாஷிங்டனிலிருந்து வந்திருந்த டால்டன் நின்றுகொண்டிருந்தார். கார் அடுத்த தெருவில்.

"எம்.பி.க்கு முன்கதவு தெரியாதா?"

"கிண்டல் பண்ணாதீங்க, சிஸ்டர் வெர்லா. ரெண்டு நாளா தூக்கம் இல்லை. நாளைக்கு ஆராதனையில எழுந்து சொல்லிடப் போறேன்."

"என்னன்னு?"

"பட்டியல்ல ரெண்டாவது பேர் என்னோடதுன்னு. நீங்க எனக்குச் சரியாத்தான் சொன்னீங்க, அடுத்த ஆளுக்கு மாத்திச் சொன்னது நான்தான்னு."

"உனக்கு போன் போடும்போதே எனக்குச் சிரிப்பு வந்துச்சு. உனக்காக ஜெபிச்சு உன் ஆபீசுக்கே போன் போடச் சொல்லி உன்கிட்டேயே சொல்றேன். ஆனா வரிசைன்னா வரிசை. காலேஜ் படிக்கிற காலத்துலேர்ந்து உன் இடம் அது."

"அந்தப் பாலை நம்பி மூணு லட்சம் குழந்தைங்க, சிஸ்டர். ராய்ஸைச் சிறையில போட்டது அந்தக் குழந்தைங்க இல்லையே. ஆனா சபையை எதிர்த்துப் போட்டா அடுத்த தேர்தல்ல நான் காலி. சபையே கேட்ட மாதிரி ஆயிட்டா..."

"தெரியும். நெல்டா ஒப்பிச்சப்பவே உன் வேலைன்னு புரிஞ்சுது. மத்தவங்களுக்கு அவ்வளவு தைரியம் கிடையாது."

"அப்புறம் ஏன் பழியை நீங்க எடுத்துக்கிட்டீங்க?"

"என்கிட்டேர்ந்து அவங்களால பிடுங்க முடிஞ்சது ஒரு காகிதம். உன்கிட்டேர்ந்து பிடுங்குனா பதவி. அடுத்த கப்பலுக்கு எப்போ ஓட்டெடுப்பு?"

"ஜூன்ல."

"உன் கட்சிக்குள்ள நடக்குற தேர்தல்? இங்க அதுல ஜெயிச்சாப் போதுமே."

"மே."

வெர்லா அவருக்கு ஒரு கிண்ணத்தில் புட்டிங் போட்டு நகர்த்தினாள்.

"அப்போ மே வரைக்கும் பொய்க்காரி நானாவே இருந்துட்டுப் போறேன். ஜூன்ல மட்டும் யாரோட போனுக்கும் காத்திருக்காதே, டால்டன். உன் வாயாலயே சொல்லு."