ஒரு வார்த்தை விசாரித்துவிட்டு

“நாலு வாரமா தேடறேன். உருப்படியா ஒரு ஆள் வரலியே!” மணவாளன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

மதகடிப்பட்டு தாண்டி, ரோட்டை ஒட்டி அவருடைய ஹாலோ பிளாக் கம்பெனி. ஒரு மிஷின் ஓடுகிறது. இன்னொன்று வாங்கி இரண்டு மாதமாகத் தார்ப்பாய்க்கு அடியில் தூங்குகிறது. ஓட்ட ஆள் இல்லை. கல்யாண மண்டபம் கட்டுகிற ஒருவர் பத்து நாளில் எட்டாயிரம் கல் கேட்டிருக்கிறார். இல்லையென்றால் ஆர்டர் வேறு ஆளுக்குப் போய்விடும்.

போதாக்குறைக்கு, இருக்கிற ஒரே ஆபரேட்டர் ஆதிமூலம் இன்று அரை நாள் லீவு.

“இன்னிக்குப் பாத்தா லீவு போடுவான்?”

“ஒம்பது வருஷத்துல அவரு எத்தினி நாள் லீவு எடுத்திருக்காரு? வுடுங்க” என்றாள் மனைவி இளவரசி. ஆபீஸ் வேலையெல்லாம் அவள்தான்.

“பி.எஃப். கேட்டான், அடுத்த வருஷம் பாக்கலாம்னேன். அதுலேர்ந்து மூஞ்சத் தூக்கிக்கினு திரியறான்.”

அன்று காலை இன்டர்வியூவுக்கு மூன்று பேர் வந்திருந்தார்கள். முதலில் வந்த புகழ்வேந்தன், கையில் பெரிய ஃபைல் வைத்திருந்தான்.

“கவர்மென்ட் வேலைக்கு எழுதியிருக்கேன் சார். வர வரைக்கும் இங்க இருக்கலாம்னு...”

“எப்ப வரும்?”

“நாலு வருஷமா எதிர்பாத்துக்கினு இருக்கேன் சார்.”

“மிஷின் ஓட்டுவியா?”

“சிமென்ட் தூசி வருமா சார்? எனக்கு டஸ்ட் அலர்ஜி.”

சிமென்ட் கல் கம்பெனியில் வந்து கேட்கிற கேள்வியைப் பாருங்கள். மணவாளன் பல்லைக் கடித்துக்கொண்டு அவனை அனுப்பி வைத்தார்.

அடுத்தவர் செல்லக்கண்ணு. மிஷின் தெரியும். ஆனால் தீமிதிக்குக் காப்பு கட்டியிருக்கிறாராம்.

“பதினெட்டு நாளு கோயிலை வுட்டு நகரக் கூடாது சார். அப்புறம் வந்து சேர்ந்துக்கறேன்.”

“அதுவரைக்கும் கல்லை அம்மனா வந்து போடும்?”

“அப்படிலாம் பேசாதீங்க சார்” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு எழுந்து போனார் செல்லக்கண்ணு.

கடைசியாக சேவியர். முப்பத்தைந்து வயது இருக்கும். உட்காரச் சொன்னதற்குக்கூட உட்காரவில்லை. நேராகப் போய்த் தார்ப்பாயை விலக்கி மிஷினைப் பார்த்தார்.

“பெல்ட்டு லூசா இருக்கு சார். இப்படியே ஓட்டுனா கல்லு ஓரம் ஒடையும்.” ஸ்பேனர் கேட்டு வாங்கி, கால் மணி நேரத்தில் சரி செய்து ஓட்டியும் காட்டினார். கல் ஓரம் உடையாமல் அச்சாக வந்து இறங்கியது.

மணவாளன் முகத்தில் நாலு வாரத்துக்குப் பிறகு சிரிப்பு.

“இப்ப எங்க இருக்க?”

“பாகூர்ல, அரங்கநாதன் சார் கம்பெனியில. ஆறு வருஷம் ஆவுது. இங்க கெடைச்சா வூட்டுக்குப் பக்கம் சார். பொண்ணை நானே ஸ்கூல்ல வுட்டுட்டு வந்துடுவேன்.”

“சரி, வெளிய இரு. ஒரு வார்த்தை விசாரிச்சிட்டுக் கூப்புடறேன்.”

விசாரிக்காமல் ஆள் சேர்ப்பது மணவாளனுக்குப் பழக்கமில்லை. பாகூருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார்.

“சேவியரா? வேணாம்பா!” என்றார் அரங்கநாதன். “காலையிலேயே போட்டுட்டு வருவான். போன மாசம் மிஷின்ல கைய வுடப் பாத்தான். பொண்டாட்டி புள்ளைங்க மூஞ்சுக்காக வச்சிக்கினு இருக்கேன்.”

மணவாளன் போனை வைத்தார். சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

“பாத்தா அப்படித் தெரியலியேங்க” என்றாள் இளவரசி.

“மூஞ்சியில எழுதியா ஒட்டியிருக்கும்? நம்ம பக்கம் கடை இல்லாத ரோடு எது?”

வெளியே வேப்பமரத்தடியில் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார் சேவியர். மணவாளன் வந்து ‘சொல்லி அனுப்பறேன்’ என்றதுமே அவருக்குப் புரிந்துவிட்டது.

“பாகூருக்குப் போன் போட்டீங்களா சார்?”

“ஆமா.”

“இது மூணாவது எடம் சார்” என்றார். ஹெல்மெட்டை மாட்டி, வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்.

“கேட்டியா? ரெண்டு எடத்துல வேணாம்னவன நான் வச்சிக்கணுமாம்!” மணவாளனுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. “ஒருத்தனுக்கு அலர்ஜி, ஒருத்தனுக்கு காப்பு, வேலை தெரிஞ்சவனுக்கு குடி. வேலை இல்ல வேலை இல்லன்னு ஊரே கத்துது, நான் ஆளில்லாம சாவறேன். ஒருத்தன்கிட்டயும் நேர்மை இல்ல, இளவரசி!”

போன் அடித்தது. புது நம்பர். அதையும் ஸ்பீக்கரில் போட்டார்.

“சார், வில்லியனூர்லேர்ந்து பேசறோம், பைப் கம்பெனி. ஆதிமூலம்னு ஒருத்தர் இன்டர்வியூவுக்கு வந்திருக்காரு. உங்ககிட்ட ஒம்பது வருஷமா இருக்கறதா சொல்றாரு. சூப்பர்வைசர் வேலை, பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாம் குடுக்கறோம். ஆள் எப்படி?”

மணவாளன் ஆளில்லாமல் நிற்கிற இரண்டு மிஷின்களையும் பார்த்தார்.

“அவனா சார்? நம்பி எதையும் வுட முடியாது. கை சுத்தமில்ல. சிமென்ட் மூட்டை காணாமப் போவும். உங்க நல்லதுக்குச் சொல்றேன்.”

“ரொம்ப தேங்க்ஸ் சார். நல்ல வேளை கேட்டோம்.”

இளவரசி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். “இன்னாங்க இது அநியாயம்? கம்பெனி சாவியே அவருகிட்டதான இருக்கு! அடுத்தவங்க காசு ஒரு ரூபா தொடாத மனுஷன்!”

“அதனாலதான் சொன்னேன்” என்றார் மணவாளன் எரிச்சலாக. “நல்லா வேலை செய்யறவனைப் போயி எந்த மொதலாளியாச்சும் நல்லவன்னு சொல்லுவானா?”